கூரத்துச் சாமியாரின் பெண்சாதி

ஆவணி பிறந்தும் மழை விட்டபாடில்லை. பிள்ளையார்பாளையத்தில் மழை என்றால் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். பட்டுப் பாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். மிதி இறங்காது. ஏலவார்குழலி காலையிலிருந்து தறியில் உட்கார்ந்திருந்தும் ஒரு சாண் ஏறவில்லை. காலுக்கடியில் போட்ட கோணிச் சாக்கு சொதசொதத்துக் கிடந்தது. பக்கத்தில், கரையை உடலோடு சேர்க்கும் கோர்வைக்கு உட்கார்ந்து கரை நாடாவை எறிந்துகொண்டிருந்த மகள் அகிலா, "அம்மா, இழை அறுந்துக்கினே இருக்குதும்மா" என்று மூன்றாம் தடவையாகச் சொன்னாள். அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் ஆனந்தகுமார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஆனந்தகுமார் அவள் புருஷன் குமாரவேலுக்குப் பங்காளி முறையில் அண்ணன். கூட்டத்துக்கே பெரிய தலை. நல்லது கெட்டதுக்கு நாள் குறிப்பதிலிருந்து யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதுவரை அவர் வாக்குத்தான்.

"குருபூஜை நெருங்கிட்ச்சி" என்றார் நாற்காலியில் சாய்ந்து. "இந்த வருஷம் புது மண்டபத்துல வைக்கிறோம். கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். அதான் முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு."

"சொல்லுண்ணா" என்றான் குமாரவேல். பாவு பிணைத்துக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"நம்ம அகிலா இந்த வருஷம் கஞ்சி ஊத்தட்டும்."

குழலியின் கால் மிதியிலேயே நின்றது.

கூரத்துச் சாமியார் இந்தப் பங்காளிக் கூட்டத்துக்கெல்லாம் மூத்தவர். அருணகிரி என்று பெயர். குமாரவேலுக்கும் ஆனந்தகுமாருக்கும் கொள்ளுத்தாத்தா. கூரம் கிராமத்தில் தறி போட்டு நெய்துகொண்டிருந்தவர் ஒருநாள் பசியோடு வந்து உட்கார, பெண்சாதிக்காரி என்னமோ ஆங்காரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை அவர் முகத்தில் வீசினாளாம். மனுஷர் ஒரு சொல் பேசவில்லையாம். கட்டிய வேட்டியோடு எழுந்து நடந்தவர், திருவண்ணாமலை போய், வடக்கே போய், எங்கேயோ ஒரு மலையில் சித்தியாகிவிட்டாராம். அதற்கு முன்பே அம்பாளுக்கு இடது கைச் சுண்டுவிரலில் பாதியை அறுத்துக் காணிக்கை கொடுத்தவர் என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த படத்தில்கூட ஓவியக்காரன் அந்த விரலைக் குட்டையாகத்தான் எழுதியிருந்தான்.

அவர் போனபோது அந்தப் பெண்சாதி முழுகாமல் இருந்தாள். அவள் பெற்று வளர்த்த ஒற்றைப் பிள்ளையின் வழியாகத்தான் இத்தனை குடும்பமும். ஆனால் அவள் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. 'மூளி' என்பார்கள். தாலியிருந்தும் இல்லாதவளுக்கு வேறு என்ன பெயர்? கூரத்தில் இருக்கவிடாமல் துரத்தியதால் இடுப்புப் பிள்ளையோடு காஞ்சிபுரத்துக்கு நடந்து வந்து, வீடு வீடாய் நூல் இழைத்துக் கொடுத்துப் பிழைத்தாள் என்று குழலியின் மாமியார் ஒருதரம் சொல்லியிருக்கிறாள். அதையும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

குருபூஜையன்று கூட்டத்து மருமகள்கள் எல்லாம் ஆளுக்கொரு சொம்புக் கஞ்சியோடு வரிசையில் வந்து, சாமியார் படத்துக்கு முன்னால் தரையில் ஊற்றி, அந்த ஈரத்திலேயே விழுந்து, 'பாவி செஞ்ச பாவத்தப் பொறுத்துக்கணும் சாமி' என்று சொல்லவேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் வயிற்றில் அகிலாவோடு விழுந்து எழுந்தாள் குழலி. அன்று தொடங்கியது, ஒரு வருஷம் தப்பவில்லை.

"மருமவளுங்கதானே மாமா ஊத்துறது?" என்றாள். "இவ இந்த வூட்டுப் பொண்ணு."

"வழக்கம் அப்படித்தாம்மா. ஆனா மூளியோட சாபம் இப்போ பொண்ணு மேலயே எறங்கிட்ச்சே. கட்டிக்கினவன் பஹ்ரைன் போனான், ஒரு போன் கெடயாது, ஒரு தகவல் கெடயாது. வூட்ட வுட்டு ஆம்பள எதுக்குப் போறான்? பொம்பள வாய் அப்படி. நான் அகிலாவ சொல்லல, பொதுவா சொல்றேன். மனசார மன்னிப்புக் கேட்டு ஊத்தட்டும். வசந்த் திரும்பி வந்துடுவான்."

அகிலா நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். வசந்த் போனபின் அவளை வைத்துக்கொள்ளாமல், 'உன் நாக்குக்குத்தான் என் பிள்ள ஓடிட்டான்' என்று மாமியார்க்காரி ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் சத்தம் போட்டுப் பேசி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டிருக்காது.

குழலி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

"உன் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்குது?" என்று ஆனந்தகுமார் போன கையோடு குழலி அவனைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ண ஊரு முன்னாடி சேத்துல வுழச் சொல்றான் அந்த ஆளு. நீ தலைய ஆட்டுற."

"ஊரோட ஒத்துப் போவணும் குழலி. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யார் வருவா?"

"இப்போ கெட்டதுதானே நடந்துக்கினு இருக்குது? யார் வந்தாங்க?"

அவன் பாவு பிணைக்கப் போய்விட்டான். அவனுடைய பதில் எப்போதும் அதுதான்.

இரண்டு நாள் கழித்து, மழை சற்று வெறித்த ஒரு முற்பகலில், குமாரவேலுக்கு ஒரு போன் வந்தது. கூரத்துப் புது மண்டபத்தில் சாமியார் வம்சத்தை எழுதிய பலகையில் நன்கொடைக்குத் தொடர்பு எண் என்று அவன் எண்ணையும் எழுதியிருந்தார்கள். டாக்சி டிரைவர் ஒருவன் பேசினான். வெளிநாட்டு அம்மா ஒருத்தர் அந்தப் பலகையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுகிறார், வீட்டுக்குக் கூட்டிவரலாமா என்று கேட்டான்.

வந்தவளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நம்மூர் நிறம், நம்மூர் முகம். பேண்ட்டும் சட்டையும், கழுத்தில் சின்னச் சிலுவை. பெயர் ஏஞ்சல் மூட்லி என்றாள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஊர். நர்ஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். தமிழில் 'தாத்தா', 'சோறு', 'தண்ணி', 'போதும்' இவ்வளவுதான் வந்தது. பி.காம். படித்த அகிலா தட்டுத்தடுமாறிப் பேச்சை இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

குழலி இட்லி வைத்தாள். வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கவரைப் பிரித்தாள். கப்பல் பதிவேட்டின் நகல். மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிக்குப் போனவர்கள் கணக்கு.

அகிலா விரலை ஓட்டிப் படித்தாள். "பேரு அருணகிரி. தகப்பனார் சொக்கலிங்கம். கிராமம் கூரம், தாலுகா காஞ்சிபுரம். வயசு இருவத்தி நாலு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம். அடையாளம்..." நிறுத்தினாள். "இடது கை சுண்டுவிரல் பாதி இல்ல."

குமாரவேல் சுவரில் மாட்டியிருந்த சாமியார் படத்தைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"இவரு என்னோட தாத்தான்னு சொல்றாங்கப்பா. அங்க கரும்புத் தோட்டத்துல வேல செஞ்சி, அப்புறமா காய்கறிக் கடை வச்சாராம். ஏழு புள்ளைங்க. இவங்க அப்பாதான் கடைசி. எழுபது வயசு வரைக்கும் இருந்தாராம். இவங்களுக்குத் தெரிஞ்சவரைக்கும் சாமியார் கீமியார்லாம் இல்லியாம். சீட்டாடுவாராம், நல்லா சிரிப்பாராம்."

சுவரிலிருந்த அந்தச் சட்டத்துக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் சீட்டாடினார் என்பது குழலிக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. 

"நல்லா சிரிப்பாராமா?" என்றாள்.

"அம்மா, இரு. இன்னொண்ணு இருக்குது. 'நெருங்கிய உறவு'ன்னு ஒரு எடம். அதுல எழுதியிருக்குது. மனைவி. பேரு..." அகிலா எழுத்துக்கூட்டினாள். "உன்னமலே."

"உண்ணாமல" என்றாள் குழலி. "உண்ணாமுலை. அம்மன் பேரு."

  இத்தனை வருஷம் மூளி, பாவி, சண்டாளி என்று சொல்லிச் சொல்லி விழுந்து எழுந்தவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவளை விட்டுப் போனவனுக்கே அது தெரிந்திருந்தது. மதராஸ் துறைமுகத்தில் நின்று வெள்ளைக்காரனுக்குச் சொல்லி எழுதவைக்கும் அளவுக்குத் தெரிந்திருந்தது.

ஏஞ்சல் இன்னொரு தாளை எடுத்தாள். தயங்கித் தயங்கித்தான் எடுத்தாள். ஆறு வருஷம் கழித்து அங்கே நடந்த கலியாணத்தின் பதிவு. அதில் மாப்பிள்ளை 'மனைவியை இழந்தவர்' என்று இருந்தது. தாத்தாவின் முதல் மனைவி செத்துப்போனாள் என்றுதான் தங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இங்கே வந்து, பலகையில் மகன் பேரன் பெயரெல்லாம் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்ததாம். உண்ணாமுலை எப்போது செத்தாள் என்று கேட்டாள்.

"சொதந்தரம் வந்த பின்னாடிதான்" என்றான் குமாரவேல் மெல்ல. "எங்கப்பாவத் தூக்கி வளத்தவங்க அவங்கதான்."

அகிலா அதை மாற்றிச் சொன்னதும் ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சமாதானம் சொல்வதுபோல எதையோ சொன்னாள்.

"தாத்தா வருஷத்துல ஒரு நாள் பச்சத் தண்ணி குடிக்கமாட்டாராம்மா. ஏன்னு யாருக்கும் சொல்லலியாம். ஒருவேளை அதுக்காக இருக்கும்னு..."

"ஒரு நாளா?" குழலி எழுந்துவிட்டாள். "வருஷத்துல ஒரு நாள் பட்டினி கெடந்தா கணக்குத் தீந்து பூடுமா? இவ எத்தினி நாள் பட்டினி கெடந்தாளோ, அத்த யாரு பாத்தா? உயிரோட இருக்கிறவள செத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டு, அங்க ஒக்காந்து சீட்டாடினானா? சொல்லுடி, அப்படியே சொல்லு அந்தம்மாகிட்ட!"

அகிலா அப்படியே சொன்னாளா, பாதி விழுங்கினாளா தெரியாது. ஆனால் ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். 

விஷயம் காதுக்கு எட்டி ஆனந்தகுமார் அன்று சாயங்காலமே ஓடிவந்தார். தாள்களை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். இந்த ஆள் இன்றைக்குத்தான் வாயடைத்து நிற்கப்போகிறார் என்று குழலி கதவோரம் நின்று காத்திருந்தாள்.

ஆனந்தகுமார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"சாமி! கடல் தாண்டிப் போயா சித்தியானே!"

"இன்னா மாமா சொல்றீங்க? அவரு காய்கறிக் கடை வச்சிருந்தாராம். கலியாணம் கட்டிக்கினு ஏழு புள்ள பெத்திருக்காரு."

"இருக்கட்டுமே. மகானுங்களுக்கு ரெண்டு சம்சாரம் புதுசா? முருகனுக்கே ரெண்டு. அங்க போயி அந்த ஜனங்களக் கடைத்தேத்தணும்னு விதி. அதுக்கு இங்க ஒருத்தி கஞ்சி வீசணும்னு விதி. எல்லாம் பொருந்திப் போவுது பாரு." ஏஞ்சலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "இந்த அம்மாவ குருபூஜையில மேடையில ஒக்கார வச்சி பொன்னாடை போத்துறோம். சாமியோட வெளிநாட்டு வம்சம்! மண்டபத்துக்கே பேரு. ஆனா இந்த ரெண்டாவது காயிதம், அதான் அந்தக் கலியாணச் சமாச்சாரம், அத்த மட்டும் வெளிய எடுக்க வேணாம்."

"அப்போ கஞ்சி?" என்றாள் குழலி.

"கஞ்சி எப்பவும் போலதான். அவ வீசினது வீசினதுதானே?"

குழலி பொய்யைத் தூக்கி எதிரே போட்டால் உடையும் என்று நினைத்திருந்தாள். இந்த ஆள் மெய்யையும் சேர்த்துப் பிசைந்து விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறார். மலைக்குப் போனாலும் அவன் சாமி. கப்பலேறினாலும் சாமி. இன்னொருத்தியைக் கட்டினாலும் சாமி. இவள் மட்டும் எங்கே சுற்றி வந்தாலும் பாவி.

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் தறியில் உட்கார்ந்தபோது அவள் மிதித்த மிதியில் தறிமரம் அதிர்ந்தது. "மெல்லம்மா" என்றாள் அகிலா. குழலி மெல்ல மிதிக்கவில்லை. குமாரவேல் டீ வாங்கிவந்து தறியோரம் வைத்தான். ஆறிப்போய் ஆடை கட்டியது. அவனே எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

குருபூஜையன்று கூரத்தில் மழை இல்லை, புழுக்கம். ஏரிக்கரைப் பக்கம் புது மண்டபத்தில் வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பின்பக்கம் கல்லடுப்பில் சாம்பார் கொதித்தது. பங்காளிகள் குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்கினார்கள். ஏஞ்சலை நாற்காலியில் உட்காரவைத்து, அவளுக்கு ஒன்றும் புரியாதபடி நெடுநேரம் பேசி, பட்டுச்சால்வை போர்த்தினார் ஆனந்தகுமார். அவள் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் அகிலாவைத் தேடினாள்.

"இப்போ நம்ம மருமகளுங்க கஞ்சி ஊத்தி மன்னிப்புக் கேக்கற நேரம்" என்றார் மைக்கில். "இந்த வருஷம் மொதல்ல நம்ம குமாரவேல் பொண்ணு அகிலா. வாம்மா."

சொம்போடு நின்றிருந்த வரிசை விலகி வழிவிட்டது. அகிலா நகரவில்லை. அவள் கையிலிருந்த சொம்பைக் குழலி வாங்கிப் படிக்கட்டில் வைத்தாள். மேடையேறி நின்றாள். மைக் தேவைப்படவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகின தொண்டை அவளுக்கு.

"என் பொண்ணு ஊத்தமாட்டா. நானும் ஊத்தமாட்டேன்."

"குழலி, எறங்கு" என்றார் ஆனந்தகுமார் மைக்கை மூடிக்கொண்டு.

"அவ பேரு உண்ணாமுலை" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. மூளி இல்ல. உண்ணாமுலை. இந்தா ஒக்காந்திருக்காங்களே இந்தம்மா, இவங்க தாத்தாதான் உங்க சாமியாரு. மலைக்குப் போவல. கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனாரு. அங்க ஒருத்தியக் கட்டிக்கினாரு. கட்டிக்கிறதுக்கோசரம், இங்க புள்ளையோட நூலு இழைச்சிக்கினு இருந்தவள செத்துட்டான்னு எழுதிக் குடுத்தாரு. காயிதம் இருக்குது. படிக்கத் தெரிஞ்சவங்க வந்து படிங்க."

ஏஞ்சலுக்கு எது புரிந்ததோ, கைப்பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

கூட்டம் சலசலத்தது. "வூட்டு விஷயத்த நடுரோட்டுல" என்று யாரோ ஆரம்பித்தார்கள். "சாமி குத்தம்" என்றது ஒரு குரல்.

"சரிம்மா, போனாரு. ஏன் போனாரு?" ஆனந்தகுமாரின் முகம் சிவந்துவிட்டது. "இவ கஞ்சிய வீசினதாலதானே போனாரு?"

"இன்னா கஞ்சி?" குழலி அவர் பக்கம் திரும்பினாள். "இன்னா கஞ்சி மாமா? ஊரு பேரு தெரியாத எடத்துக்கு, கரும்பு வெட்ட, கண்காணாத கடல்ல எவன் போவான்? வூட்ல கஞ்சி இருந்தா போவானா? வீசறதுக்கு அவகிட்ட ஏது கஞ்சி? அடுப்புல ஒண்ணுமில்லாமதான் அவன் போனான். வயித்துல புள்ளையோட அவ அதே காலி அடுப்பு முன்னாடி நின்னா. போனவனுக்கு மண்டபம். நின்னவளுக்கு மூளிப் பட்டம். இத்தினி பேரு வேன்ல வந்து எறங்கியிருக்கீங்களே, நீங்கள்லாம் யாரு வயித்துப் பாரம்? அவன் பெத்துப் போட்டு வளத்தானா உங்கள?"

 பின்பக்கம் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரன்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"மன்னிப்புக் கேக்கணும்னா நீ கேளு மாமா. அவகிட்ட கேளு. மண்ணுல ஊத்தாத, நாலு பேருக்குக் குடிக்கக் குடு அந்தக் கஞ்சிய."

ஆனந்தகுமார் மைக்கைப் பிடித்தார். அவர் குரல் மண்டபத்துத் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "இன்னியோட குமாரவேல் குடும்பத்துக்கும் நமக்கும் கொடுக்கல் இல்ல, வாங்கல் இல்ல. நல்லது கெட்டதுக்கு யாரும் போவக்கூடாது. குமாரவேலு, நீ இன்னா சொல்ற? பெண்சாதிய வந்து கால்ல வுழச் சொல்றியா, இல்லியா?"

எல்லாத் தலையும் குமாரவேல் பக்கம் திரும்பின. அவன் தூணோரம் நின்றிருந்தான். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தான். குழலி அவனைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தாள்.

"எங்கப்பா காய்ச்சல்ல கெடந்தப்போ ராட்டைய ஒரு கையால சுத்திக்கினு இன்னொரு கையால அவருக்கு வெசிறினவங்க அவங்க" என்றான்.  "அப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு. அத்தக் கேட்டுட்டும் நான் இத்தினி வருஷம் கம்முனு நின்னேன். நீ வராத அண்ணா. யாரும் வர வேணாம்."

அப்புறம் என்ன, குருபூஜை நடந்தது. மருமகள்களில் முக்கால்வாசிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினார்கள், விழுந்தார்கள், சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத கீர்த்தி என்ற பெண் மட்டும் சொம்பைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் சன்னலோரம் நின்று எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

வேனில் இவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் பெரிய ரோட்டை நோக்கி நடந்தார்கள். ஏஞ்சலும் டாக்சியைப் பின்னால் வரச்சொல்லிவிட்டுக் கூடவே நடந்தாள். நெல் நாற்று விட்ட வயல்களுக்கு மேலே வெயில் காந்தியது. உண்ணாமுலையை எரித்தது எங்கே, புதைத்தது எங்கே என்று ஏஞ்சல் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

"அது தெரிஞ்சி இன்னா பண்ணப் போறாங்க?" என்றாள் குழலி. அவளுக்கு இன்னும் கோபம் இறங்கவில்லை. இந்த அம்மா ஒரு பாவமும் செய்யவில்லை என்று தெரிந்தும் அந்தச் சிரிக்கிற தாத்தாவின் மூக்கு இவள் முகத்தில் இருப்பதாகப் பட்டது. பத்தடி நடந்த பிறகு, தானாகவே தன் குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

அகிலா எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பு நின்று திரும்பினாள்.

"அம்மா, நாளைக்கு மகளிர் ஸ்டேஷன்ல மனு குடுக்கப் போறேன். அப்புறமா ஒரு வக்கீலப் பாக்கணும்."

"எதுக்குடி?" என்றான் குமாரவேல் பதறி. "அவன் வரமாட்டான்னு நாமளே முடிவு பண்ணிட்டா..."

"அவரு வரணும்னு குடுக்கலப்பா." அகிலாவின் முகம் வியர்த்திருந்தது. குரல் வழக்கம்போலத் தாழ்ந்துதான் இருந்தது, நடுக்கம் மட்டும் இல்லை. "அவரு எங்க இருக்காருன்னு அவங்க வூட்டுக்குத் தெரியும். அவரு எங்கியாவது இன்னொருத்தியக் கட்டிக்கினு, நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி, நான் உயிரோட இருக்கேன்னு நான் எழுதிக் குடுக்கணும்."

தூரத்தில் பஸ் வளைவில் திரும்பியது. கை காட்டி நிறுத்துவதற்காகக் குழலி ரோட்டின் நடுவுக்கே போய் நின்றாள்.

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் திரும்பிப் பாராமல். "இந்த பஸ்ஸு ஸ்டேஷன் வழியாத்தான் போவும். ஏறு."